சுடுதண்ணீர் மலிவான கதை

சென்ற மாதம் எங்கள் அண்ணனூரில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்க வந்தார். மாடியில் சோலார் போடலாமா, வேண்டாமா? போடுங்கள் என்றேன். "இல்ல சார், இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா விலை தானா எறங்கிடும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். அந்தத் 'தானா'வைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காப்பி கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. காத்திருந்தால் உதிர்ந்து விழுவதற்கு விலை என்ன மாம்பழமா? அதை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் இறக்கியிருக்கிறேன், கையில் சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் குமரேசன். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஊழியர். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஐ.டி.ஐ. முடித்து, ஆவடியிலேயே அப்ரண்டிஸாக இருந்து, குழாய் பற்றவைக்கும் வேலை கற்றேன். நிரந்தரம் ஆகவில்லை. எங்கள் வரிசையில் பாதிப் பையன்களுக்கு அதுதான் நடந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். இரும்பு பீரோ செய்துகொண்டிருந்த இடம். முதலாளி ஏதோ கண்காட்சியில் வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் பேனலைப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் இதுதான் என்று பட்டறையின் ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்கினார். ஆவடியில் தொழில் கற்றுவிட்டு வெளியே நின்ற எங்களைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்.

பேனல் என்பது பெரிய வித்தை இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று தடித்த செம்புக் குழாய். இடையில் வரிசையாக மெல்லிய குழாய்கள். அவற்றோடு ஒட்டிய செம்புத் தகடு, அதன்மேல் கறுப்புப் பூச்சு. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து மேலே கண்ணாடி மூடினால் முடிந்தது. வெயில் ஏறினால் குழாயில் இருக்கும் தண்ணீர் சூடாகித் தானே மேலேறித் தொட்டிக்குப் போகும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: ஒவ்வொரு மெல்லிய குழாயும் தடித்த குழாயோடு சேரும் இடத்தில் சொட்டுத் தண்ணீர் கசியக் கூடாது. அந்த இணைப்புகளைப் போடுவதுதான் எங்கள் வேலை.

எங்களிடம் முதல் பேனல் வாங்கியவர் ஒரு டாக்டர். அந்தப் பணத்துக்கு அவர் ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. 'வெயில் சும்மா கிடைக்குது, அதுக்கு இவ்வளவு காசா?' என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்போது என்னிடம் பதில் இல்லை.

பதில் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேனேஜர் பத்மநாபன் சார். மூக்கின் நுனியில் கண்ணாடி, எப்போதும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. எங்கள் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும், கேட்பதற்கு நாங்கள்தான் கிட்டே போக வேண்டும். திங்கட்கிழமை காலை அவர் யாரையும் வேலையைத் தொட விடமாட்டார். பட்டறை நடுவில் ஒரு மேசை போட்டு, முந்தின வாரத்து ஸ்கிராப் பெட்டியை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்ப்பார். வீணான குழாய்த் துண்டு, தப்பாக வெட்டிய தகடு, கசிந்த இணைப்பு எல்லாம் மேசையில் பரவிக் கிடக்கும். சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். 'யாரு பண்ணது?' என்று ஒருவரும் கேட்கக் கூடாது. 'எப்படி ஆச்சு?' என்று மட்டும் கேட்கலாம்.

முதல் சில வாரம் எல்லோரும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். ஆவடியில் ஸ்கிராப்பை ஒளித்துப் பழகியவர்கள் நாங்கள்! பிறகு சட்டம் நிஜம்தான் என்று தெரிந்ததும் வாய் திறந்தது. கொஞ்ச நாளில் சண்டையே போட ஆரம்பித்தோம். என் பற்றவைப்பா, உன் வெட்டா என்று மேசையைத் தட்டிப் பேசுவோம். அவர் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கசிவைக் கண்டுபிடிப்பது சரோஜாவின் வேலை. வெள்ளானூர்க்காரி, பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். நிலம் பங்கு பங்காகிப் போய்விட்டது. கணவர் வேலை பார்த்த ஆலையும் மூடிவிட்டதால் சரோஜாவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. தரையில் பதித்த நீளமான தண்ணீர்த் தொட்டியில் பேனலின் குழாய்ச் சட்டத்தை முக்குவார்கள். முனைகளை அடைத்து உள்ளே காற்றை ஏற்றுவார்கள். அப்புறம் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. சரோஜா தொட்டி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எங்காவது ஓரிடத்திலிருந்து சின்னக் காற்று முட்டை மேலே வந்தால் போதும். "வந்துச்சிபா!" என்று கத்தி, ஈரத்தைத் துடைத்து அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்தக் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் கசிந்த இணைப்பை நோண்டித் திரும்பப் போடப் பாதி நாள் போய்விடும். பெட்டிக்குள் மாட்டிக் கண்ணாடி போட்ட பிறகு கசிந்தாலோ முழுநாளும் போச்சு. வெயிலுக்கு விலை இல்லை. நாங்கள் ஒன்றை இரண்டு முறை செய்துகொண்டிருந்தோமே, அதற்குத்தான் ஜனங்கள் விலை கொடுத்தார்கள்.

தொண்ணூறுகள் பிறந்தபோது எங்களோடு வேலை பார்த்த தனபால் பிரிந்து போய் எதிர்ச் சாரியில் சொந்தமாகப் பட்டறை போட்டான். சுத்தமான அம்பத்தூர்க்காரன். வேகமான கை, அதைவிட வேகமான வாய். இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரே டீக்கடை. அங்கே தினமும் வந்து என்னைச் சீண்டாமல் அவனுக்கு டீ இறங்காது. "இன்னா மாமே, உங்க பேனல் இன்னும் டாக்டரு ஊட்லயே குந்திகினு கீதா? எங்களுது வாத்தியாரு ஊட்டுக்கு வந்துடுச்சி" என்பான். உண்மைதான். அவன் விலை எங்கள் விலையைவிடக் கணிசமாகக் குறைவு. இடையில் ஓடும் குழாய்களை அவன் எங்களுடையதைவிட இன்னும் மெல்லியதாகப் போட்டான். செம்பு மிச்சம், எடை மிச்சம். ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ச் சாரிக்குப் போயின.

ஒரு நாள் முதலாளி எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். பூந்தமல்லியில் ஒரு டாக்டர் அம்மா பெரிதாகப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டுகிறார். மாடி முழுக்கப் பேனல் வேண்டும். நாங்களும் கொட்டேஷன் கொடுக்கிறோம், தனபாலும் கொடுக்கிறான். "இதுவும் போச்சுன்னா பொங்கலோட இந்தப் பக்கத்த மூடிடறேன். பழையபடி பீரோ செய்யலாம். பீரோவுக்கு இத்தனை பேர் வேணாம்." அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கித்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று மதியம் சரோஜா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. பற்றவைக்கிறவனுக்குப் பீரோ பட்டறையில் என்ன வேலை?

முதலாளி தன் யோசனையையும் சொன்னார். "அவன் போடற குழாயையே நாமளும் போடுவோம்." சொல்லும்போது எங்களுக்கும் சரியென்றுதான் பட்டது. முந்தின வருஷமே சோதனைக்கு அப்படிச் சில பேனல் செய்து விற்றிருந்தோம், அவற்றில் சொட்டுக் கசிவு இல்லை. அந்தச் சமயம் பார்த்துக் கோவில்பதாகையிலிருந்து அதில் ஒன்று திரும்பி வந்தது. வாங்கியவர் ரிட்டயர்டு ஆசிரியர். 'ஆரம்பத்துல நல்லா கொதிச்சுது. இப்ப வெதுவெதுன்னுகூட வரல' என்றார். கழற்றிக்கொண்டு வந்து குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு பாறையாக ஏறி நின்றது. நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, குளித்தால் சோப்பு நுரைக்காது. அவ்வளவு மெல்லிய குழாய் அந்தத் தண்ணீரைத் தாங்காது. பூந்தமல்லியிலும் அதே தண்ணீர்தான்.

அந்தத் திங்கட்கிழமை மேசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சார் அறுத்த குழாயை நடுவில் வைத்தார். குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. "பிறந்த குழந்தைய குளிப்பாட்ட சுடுதண்ணி இல்லைன்னு அந்தம்மா ஒரு வருஷம் கழிச்சு போன் பண்ணக் கூடாது. அதனால குழாய மெலிசாக்க முடியாது, அந்தப் பேச்சு முடிஞ்சுது. செம்புல கை வைக்காம விலைய எறக்கணும். எப்படின்னு இந்த மேசைமேலதான் எங்கயோ கிடக்கு, தேடுங்க."

தேடினோம். பேனலின் இரும்புப் பெட்டியைப் பற்றி முதலில் பேச்சு வந்தது. பீரோ செய்த கைகள் அதைப் பீரோவாகவே செய்திருந்தன. மாடியில் வெயில் காயப்போகும் பெட்டிக்கு அவ்வளவு கனமான தகடு எதற்கு? மெல்லிய அலுமினியம் போதும். அது நல்ல யோசனை, ஆனால் போதாது. பிறகு கசிந்த இணைப்புகளை எடுத்தோம். அந்த முறை துண்டாக வெட்டாமல், சரோஜா வட்டம் போட்டபடியே முழு வரிசையாக வைத்திருந்தோம். பார்த்துக்கொண்டே இருந்தேன். கசிந்த இணைப்பு எதுவும் அசிங்கமாக இல்லை. அளவாக, அழகாகத்தான் இருந்தது. அதன் பக்கத்து இணைப்புதான் குண்டாக இருந்தது, உருக்கி ஊற்றிய பற்றுக்கம்பி வழிய வழிய. அடுத்த குழாய்ச் சட்டத்தைப் பார்த்தேன். அங்கும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே!

"சார், குண்டு இணைப்புக்குப் பக்கத்துலதான் எல்லாம் கசியுது" என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

சரோஜா எட்டிப் பார்த்து, "ஆமாண்ணே, எல்லா வட்டமும் அங்கதான் கீது!" என்றார்.

குண்டாக்கியது யார்? சட்டப்படி அதைக் கேட்கக் கூடாது. கேட்கவும் தேவையில்லை, நாங்கள் எல்லோரும்தான். அது ஆவடிக் கை. பீரங்கி வண்டிக்குப் பாகம் பற்றவைக்கக் கற்ற கை. அங்கே எங்களுக்கு ஊட்டிய பாடம் ஒன்றே: சந்தேகமாக இருந்தால் இன்னொரு சுற்று போடு. கம்பி யார் வீட்டுக் காசு? அந்தப் பழக்கம் அப்படியே கூட வந்திருந்தது. ஓர் இணைப்பு முடிந்து அடுத்ததையும் முடித்த பிறகு, திரும்பிப் பார்த்து, 'பத்திரத்துக்கு' என்று பழையதன்மேல் இன்னொரு சுற்று போடுவோம். அந்தச் சூடு பக்கத்தில் இப்போதுதான் இறுகிக்கொண்டிருக்கும் இணைப்பைப் போய் அசைத்துவிடும். கசியக் கூடாதென்று நாங்கள் போட்ட சுற்றுதான் கசிய வைத்தது. வெள்ளி கலந்த கம்பி அது, விலையும் கொஞ்சமில்லை. சமையலறைக் குழாய் அளவுக்குக்கூட அழுத்தம் இல்லாத ஒரு குழாய்க்குப் போர்க்களப் பந்தோபஸ்து கொடுத்து, அதனாலேயே அதைக் கெடுத்துக்கொண்டிருந்தோம். சிரிப்பு வந்தது. சார்கூடச் சிரித்தார்.

கண்டுபிடித்தது சுலபம். விடுவதுதான் கஷ்டம். மறுநாளே எல்லோர் கையும் தன்னால் இரண்டாம் சுற்றுக்குப் போனது. அப்போது சார் ஒரு வழி செய்தார். ஓர் இணைப்பு முடிந்ததும் சுடர்க்குழாயைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, செம்பின் சிவப்பு மாறும்வரை நிற்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. பட்டறைக்கு வந்த வியாபாரி ஒருவர், மீசை வைத்த ஆண்கள் வரிசையாகக் கை கட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, 'என்ன சார், எல்லாருக்கும் தண்டனையா?' என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்த வாரம் சரோஜா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அலுத்துப்போய்க் கொட்டாவி விட்டார். முட்டை வரவில்லை.

கம்பி பாதிக்குமேல் மிச்சம், கேஸ் மிச்சம். நோண்டிப் போடும் வேலையே அநேகமாக நின்றது. குழாயில் துளை போடும்போது அது அசையாமல் பிடித்துக்கொள்ள 'ஜிக்' என்று ஒரு தாங்கி செய்தோம். துளை வட்டமாக விழுந்ததும் கம்பி இன்னும் குறைந்தது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பெட்டியில் மாட்டும் முன்பே தொட்டியில் முக்குவதென்று கட்டாயமாக்கினோம். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், குழாயை மெலிதாக்காமலேயே தனபால் விலைக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நின்றோம். பூந்தமல்லிக்கு சாருடன் நானும் போனேன். டாக்டர் அம்மா இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சார் கோவில்பதாகைக் குழாய்த் துண்டை மேசைமேல் வைத்தார். "இது எங்களோடது மேடம். மெலிசா போட்டு நாங்க கத்துக்கிட்டது. இப்ப தடிச்சதுதான் தர்றோம்" என்றார். அம்மா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்டர் எங்களுக்கு வந்தது. அந்தப் பொங்கலுக்குப் பட்டறையில் எங்கள் பக்கம் திறந்திருந்தது. சரோஜா எல்லோருக்கும் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சார் என்னைக் கூப்பிட்டு அதே குழாய்த் துண்டைக் கையில் கொடுத்து, தனபாலிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அவனுக்கு நாமளே போய்ச் சொல்லிக் குடுக்கறதா? அடைச்சுப் போகட்டும், அவன் கடை தானா மூடும்" என்றேன்.

"அடைச்சா ஜனங்க தனபால் பேனல் அடைச்சுதுன்னு சொல்ல மாட்டாங்க குமரேசன். சோலார் அடைச்சுதுன்னுதான் சொல்வாங்க. அப்புறம் நம்மகிட்ட யாரு வருவாங்க?"

வேண்டாவெறுப்பாக டீக்கடைக்குப் போனேன். தனபால் ஆர்டர் போன ஆத்திரத்தில் இருந்தான். "டாக்டரம்மாகிட்ட இன்னாடா ஓதுனீங்கோ?" என்றான். துண்டை நீட்டினேன். வாங்கி வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. இன்னொரு தடவை ஊதினான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவன் பேனல்கள் எத்தனை மாடியில் நிற்கின்றன என்று யோசிக்கிறான் என்று புரிந்தது. எனக்கு இருந்த எரிச்சல் அத்தனையும் அங்கேயே வடிந்துவிட்டது. "டீக்கு நான் குடுக்குறேன், நீ குந்து மச்சான்" என்றான். அவனிடம் நான் குடித்த முதல் ஓசி டீ அதுதான்.

அடுத்த கோடைக்குள் அவனும் எங்கள் அளவுக் குழாய்க்கு வந்துவிட்டான். எங்களிடமிருந்து ஒருவன் அங்கே போய்ச் சேர, கை கட்டி நிற்கும் வித்தையும் கூடப் போயிற்று. தனபால் சும்மா இருப்பானா? தகட்டைக் குழாயோடு ஈயம் வைத்து ஒட்டாமல் உருளையில் அழுத்திச் சேர்க்க வழி கண்டுபிடித்து, மறுபடி எங்கள் விலைக்குக் கீழே போனான். எங்கள் முதலாளி குதி குதியென்று குதித்தார். சார் தனபால் பேனல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்து திங்கட்கிழமை மேசையில் பிரித்துப் போட்டார். அந்த உருளை எங்களுக்கும் வந்தது. அவனை நாங்களும் எங்களை அவனும் துரத்திய துரத்தலில் விலைதான் இளைத்தது. ஆரம்பத்தில் நாலு பேனல் செய்தால் புதிதாக ஒன்று கற்றுக்கொள்வோம். பிறகு அதே அளவு கற்க நாற்பது செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு நானூறு. ஆனால் கற்பது நிற்கவே இல்லை. அதிக விலையில் முதலில் வாங்கினாரே அந்த டாக்டர், அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் நாலாவது பேனலுக்கே போயிருக்க மாட்டோம். பக்கத்துத் தெருக்காரரிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

தொண்ணூறுகள் முடியப்போகும் சமயம். சரோஜா வெள்ளானூரில் பழைய ஓட்டு வீட்டை இடித்துச் சின்னதாகத் தளம் போட்டார். ஒரு நாள் வேலை முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமை வந்து பேனல் மாட்டித் தர முடியுமா அண்ணே என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காலத்தில் டாக்டர் வாங்கிய பொருளை இன்று எங்கள் சரோஜா வாங்குகிறார்! பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் பேனல் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தனபால்.

"என்னம்மா இது?" என்றேன். பத்து வருஷத்துக்குமேல் எங்கள் தொட்டி ஓரம் உட்கார்ந்தவர்!

சரோஜாவுக்கு வெட்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. "நம்ப கம்பெனியிலதான் கேட்டேன்ணே, எனக்குக் கொறைச்சிதான் சொன்னாங்கோ. இந்த அண்ணாத்தே அதுலயும் கம்மியா குடுக்குறாரு. பொருளு ரெண்டும் ஒண்ணுதான், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? படிக்கட்டு இன்னும் கட்டாத வீடு. மேலே தனபால் இழுக்க, கீழிருந்து நான் தாங்க, மூங்கில் ஏணியில் அந்தப் பேனலை ஏற்றினோம். மாட்டி முடித்து வெயிலில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவன் சிரித்தான். "பத்து வருசமா நீ என்னைத் தொரத்திகினு கீறே, நான் உன்னைத் தொரத்திகினு கீறேன். கடைசில நம்ப ரெண்டு பேரையும் தொரத்துனது இவங்கதான் மாமே."

கீழே வாசலிலிருந்து சரோஜா இரண்டு பேரையும் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, தைக்கு எங்கக்காவுக்கும் ஒண்ணு வேணும். யாரு கம்மியா தரீங்களோ அவங்ககிட்டதான், இப்பவே சொல்லிட்டேன்!"

தனபால் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் பேனலின் பெட்டி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு திருகு போட்டிருந்தான். இரண்டே போதும்.